கதிரவன் இறைக்கும் கிணறு

ஆரணி என்றவுடன் நம் நினைவுக்கு வருபவை இரண்டு: பட்டுச் சேலை ஒன்று, அரிசி மற்றொன்று. நெசவாளர் வீதிகளில் நடந்தால் தறியோசை கேட்கும். ஊர்ப்புறம் சென்றால் அரிசி ஆலைகள் கண்ணில் படும். இவ்விரண்டுக்கும் அடியில் மறைந்து நிற்கும் மூன்றாம் பொருள் தண்ணீர். கச்சாப் பட்டை வேகவைத்துப் பசை நீக்கவும், சாயமேற்றி அலசவும் நீர் வேண்டும். நெல்லுக்கு எவ்வளவு வேண்டும் என்று சொல்லவே தேவையில்லை. கமண்டல நாக நதி இவ்வூரையொட்டிச் செல்கிறது என்றாலும், ஆண்டின் பெரும் பகுதியில் அதில் நாம் காண்பது மணலைத்தான். ஏரிகளோ மழையை நம்பியவை. ஆகவே இப்பகுதியின் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக நம்பியிருப்பது கிணற்றையே.

சென்ற கோடையில் ஆரணியை அடுத்த ஒரு சிற்றூரில், நமக்குப் பழக்கமான ஒரு குடும்பத்தைக் காணச் சென்றிருந்தோம். அண்ணன் தறி நெய்கிறார். தம்பி ஒன்றரை ஏக்கர் நிலத்தைப் பார்த்துக்கொள்கிறார். தாத்தா வெட்டிய கிணறு ஒன்று உண்டு. மின் இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். அதுவரை ஆயில் என்ஜின்தான் கதி. மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசலைக் குடிக்கும் அந்த இயந்திரம், மணிலாப் பயிரில் கிடைக்கும் இலாபத்தையும் சேர்த்துக் குடித்துவிடுகிறது என்று தம்பி வருந்தினார். அன்று அவ்வீட்டில் நடந்துகொண்டிருந்த விவாதம், சூரிய சக்தியால் இயங்கும் பம்புசெட்டு அமைப்பதைப் பற்றியது.

"ஐயா, வெயிலுக்குக் காசு கேட்பவர் எவரும் இல்லை. பெரிய மோட்டாராகவே போட்டுவிடலாம் என்கிறேன். அண்ணன்தான் தயங்குகிறார்" என்று தம்பி நம்மிடம் முறையிட்டார்.

அண்ணன் தறியைவிட்டு எழாமலே மறுமொழி கூறினார்: "நூல் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துத்தானே தம்பி பாவு போடுகிறோம்? கிணற்றில் எவ்வளவு ஊறுகிறது என்று பாராமல் மோட்டார் போடலாமா?"

இவ்விருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இன்று நம் பங்குக் குடும்பங்களில் பல இதே கேள்வியை எதிர்கொண்டு நிற்கின்றன. எனவே இதனைச் சற்று விரிவாக ஆராய்வது பயன் தரும்.

பழைய கனவு

வெயிலைக்கொண்டு வேலை வாங்கும் எண்ணம் நேற்றுப் பிறந்ததன்று. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சம் வட ஆர்க்காட்டையும் சென்னை மாகாணத்தின் பிற பகுதிகளையும் வாட்டி வதைத்தது. அதே காலத்தில் பம்பாயில் அரசாங்க அலுவலில் இருந்த வில்லியம் ஆடம்ஸ் என்ற ஆங்கிலேயர், பல சிறிய கண்ணாடிகளை ஒன்றுசேர்த்து, வெயிலை ஒரு கொதிகலன்மேல் குவித்து, அதில் எழுந்த ஆவியால் இரண்டரைக் குதிரைத் திறனுள்ள இயந்திரத்தை ஓட்டிக் காட்டினார். வெப்ப நாடுகளில் விறகுக்கும் நிலக்கரிக்கும் பதிலாக வெயிலைப் பயன்படுத்தலாம் என்று 1878-இல் ஒரு நூலும் வெளியிட்டார். 1913-இல் எகிப்தின் கெய்ரோவை அடுத்த மாடி என்னுமிடத்தில், அமெரிக்கரான ஃபிராங்க் ஷூமன் என்பவர் வெயிலால் ஆவியுண்டாக்கி, நைல் நதி நீரை வயல்களுக்கு இறைத்தார். ஆனால் அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. பின்னர் மலிவாகக் கிடைத்த எண்ணெயின் முன் அம்முயற்சி மறக்கப்பட்டது.

இன்று நாம் காணும் முறை வேறு. இதில் ஆவியும் இல்லை, கொதிகலனும் இல்லை. ஒளி நேரே மின்சாரமாக மாறுகிறது. இத்தன்மையை 1839-இல் பிரான்சு நாட்டின் எட்மண்ட் பெக்கரல் கண்டறிந்தார். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் சிலிக்கனால் செய்த மின்கலத்தை உலகுக்குக் காட்டினர். தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் 6 பங்கை மட்டுமே அது மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகள் ஏறத்தாழ 20 பங்கை மாற்றுகின்றன.

இம்முறையை ஏழை மக்களின் கிணற்றடிக்குக் கொண்டுவந்தவர்களுள் ஒரு குருவானவரும் இருந்தார் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் 1970-களின் முற்பகுதியில் கொடிய வறட்சி நிலவியது. அங்குப் பணியாற்றிய வெள்ளைத் தந்தையர் சபையைச் சேர்ந்த பெர்னார்ட் வெர்ஸ்பியரன் அடிகளார், 'மாலி அக்வா விவா' என்ற அமைப்பின் வழியாகக் கிணறுகள் தோண்டினார். 1977 முதல் அவற்றிற் சிலவற்றுக்குச் சூரிய மின்தகடுகளால் இயங்கும் பம்புகளைப் பொருத்தினார். அவர் பம்பை வைத்துவிட்டுப் போய்விடவில்லை. கிராமத்தாரும் செலவில் பங்கேற்க வேண்டும் என்றார். பழுது பார்க்கப் பயிற்சி பெற்றவர்களையும் ஏற்பாடு செய்தார். பிற இடங்களில் நன்கொடையாக வந்த இயந்திரங்கள் துருப்பிடித்துக் கிடக்க, அவருடைய பம்புகள் ஓடியதற்கு இதுவே காரணம். இயந்திரத்தைக் காட்டிலும் அதனைப் பேணும் ஒழுங்கே பெரிது என்பதை நாம் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

எவ்வாறு இயங்குகிறது?

நண்பகல் வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1,000 வாட் ஆற்றலைப் பொழிகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமாகிறது என்று கொண்டால், 200 வாட் கிடைக்கும். 3 குதிரைத் திறன் மோட்டாருக்குப் பொதுவாக 3,000 வாட் அளவுள்ள தகடுகளைப் பொருத்துகிறார்கள். அவற்றைப் பரப்பினால் ஒரு சிறிய அறையின் கூரையளவு இருக்கும். 5 குதிரைத் திறனுக்கு ஏறத்தாழ 4,800 வாட் வேண்டும்.

தகடுகளுக்கும் மோட்டாருக்கும் இடையே ஒரு பெட்டி இருக்கும். அதனைக் கண்ட்ரோலர் என்பர். வெயில் ஏற ஏற மோட்டாரின் வேகத்தை ஏற்றுவதும், மேகம் மறைத்தால் நிறுத்திவிடாமல் வேகத்தைக் குறைத்து ஓட்டுவதும் அதன் வேலை. பேட்டரி இதற்குத் தேவையில்லை. மின்சாரத்தைச் சேமிப்பதைவிடத் தண்ணீரைச் சேமிப்பது எளிது, செலவும் குறைவு. ஒரு தொட்டி கட்டிவிட்டால் அதுவே பேட்டரி. காலை 9 மணியளவில் நீர் நன்றாக வரத் தொடங்கும். மாலை 3 மணிக்குமேல் தளரும்.

ஆரணி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12½ பாகையில் அமைந்திருக்கிறது. ஆகவே தகடுகளைத் தெற்கு நோக்கி அவ்வளவு பாகை சாய்த்து வைத்தால், ஆண்டு முழுவதற்குமாகச் சேர்த்து நல்ல பலன் கிடைக்கும். ஒரு தென்னையின் நிழலோ, வேம்பின் கிளையோ ஒரு தகட்டின்மேல் விழுந்தாலும் அவ்வரிசை முழுவதன் ஆற்றலும் குறையும். தகடுகள் சரமாக இணைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். புழுதி படிந்தாலும் நீர் குறையும். அதிகாலையில் தகடு குளிர்ந்திருக்கும்போது துணியும் நீரும் கொண்டு துடைக்க வேண்டும். உச்சி வெயிலில் கொதிக்கும் கண்ணாடிமேல் குளிர்ந்த நீரை ஊற்றலாகாது. இன்னொரு செய்தி பலருக்கு வியப்பளிக்கும். இவற்றுக்கு வேண்டியது வெளிச்சம், வெப்பம் அன்று. தகட்டின் சூடு 25 பாகைக்குமேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் ஆற்றல் சிறிது சிறிதாகக் குறைகிறது. ஆகவே அக்கினி நட்சத்திர நாளைக் காட்டிலும், வானம் தெளிந்த மாசி மாதத்து நாளில் நன்றாக நீர் இறைப்பதுண்டு.

கிணற்றை அளப்போம்

இனி அண்ணனின் கேள்விக்கு வருவோம். அன்று மாலை நாம் மூவரும் கிணற்றடிக்குச் சென்றோம். அது 20 அடி விட்டமுள்ள வட்டக் கிணறு. அத்தகைய கிணற்றில் ஓர் அடி உயர நீர் என்பது ஏறத்தாழ 8,900 லிட்டர் ஆகும். ஆயில் என்ஜினை ஓட்டி நீரைக் கீழே இறக்கினோம். பிறகு, அடிக்கணக்கு முடிச்சிட்ட கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்தோம். முதல் சில மணி நேரங்களில் மணிக்கு 4 அங்குலம் வீதம் நீர் ஏறியது. அதாவது மணிக்கு ஏறத்தாழ 3,000 லிட்டர். ஒரு நாளைக்கு மிஞ்சிப் போனால் 70,000 லிட்டர். கோடையில் அக்கிணறு கொடுக்கக்கூடியது அவ்வளவே.

நிலத்துக்கு எவ்வளவு வேண்டும்? கோடையில் ஒரு ஏக்கர் மணிலாவுக்கு நாளொன்றுக்குச் சராசரி 5 மில்லிமீட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், அது 20,000 லிட்டர் ஆகும். ஒன்றரை ஏக்கருக்கு 30,000 லிட்டர். சொட்டுநீர் முறை அமைத்தால் இன்னும் குறையும். நெல்லாக இருந்தால் வயலில் கசிவதையும் சேர்த்து இதைப்போல இரு மடங்கும் அதற்கு மேலும் ஆகலாம்.

மோட்டார் எவ்வளவு இறைக்கும்? 60 அடி ஆழத்திலிருந்து இறைப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல வெயில் நாளில் 3 குதிரைத் திறன் சூரியப் பம்பு ஒரு லட்சம் லிட்டருக்கு மேலும் இறைத்துவிடும். 5 குதிரைத் திறனாயின் இரண்டு லட்சத்தை நெருங்கும். ஆழம் இரு மடங்கானால் நீர் பாதியாகும் என்பது பொதுவிதி.

கணக்கைக் காகிதத்தில் எழுதிப் பார்த்ததும் தம்பி சிறிது நேரம் பேசவில்லை. அவர் வாங்க நினைத்த மோட்டார், கிணறு ஒரு நாளில் ஊறுவதைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு இறைக்க வல்லது. வாங்கியிருந்தால், முன்பகலிலேயே கிணறு வற்றியிருக்கும். பிறகு என்ன செய்திருப்பார்? கிணற்றுக்குள் போர் போடக் கடன் வாங்கியிருப்பார். அது வற்றினால் இன்னும் ஆழம், இன்னும் கடன். இவ்வட்டாரத்தில் பல குடும்பங்கள் இவ்வழியே நடந்து, நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குச் சென்றதை நாம் அறிவோம்.

கடிவாளம் எங்கே?

இங்கேதான் நாம் ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தி உள்ளது. நம் முன்னோர் ஏற்றத்தாலும் கவலையாலும் நீர் இறைத்தனர். மாடு களைத்தால் இறைப்பு நின்றது. அந்த மாட்டின் களைப்பே கிணற்றுக்குக் காவலாக இருந்தது. பின்னர் ஆயில் என்ஜின் வந்தது. எண்ணெய்ச் செலவு அதற்குக் கடிவாளமாயிற்று. அடுத்து மின்சார மோட்டார் வந்தது. தமிழ்நாட்டில் 1984-இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 அளவில் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட்டு மின்சாரம் இலவசமாயிற்று. அந்த உதவியால் எத்தனையோ குடும்பங்கள் தலைநிமிர்ந்தன என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆயினும் செலவு என்ற கடிவாளம் அன்றே அறுந்துவிட்டது. மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட சில மணி நேரமே வந்தது என்ற ஒன்றுதான் எஞ்சியது. அதற்காக நள்ளிரவில் டார்ச் விளக்குடன் பாம்புக்கும் பூச்சிக்கும் அஞ்சியபடி மோட்டார் போடச் சென்றவர்களின் துன்பமும் நாம் அறிந்ததே.

சூரியப் பம்பு வரும்போது அந்தத் துன்பம் நீங்குகிறது. பகலில் நீர் பாய்ச்சி, இரவில் வீட்டில் உறங்கலாம். இது சிறிய நன்மையன்று. ஆனால் கடைசிக் கடிவாளமும் அதனோடு போய்விடுகிறது. மாடு களைக்கும், டீசல் தீரும், மின்சாரம் நிற்கும். வெயிலோ நாள்தோறும் தவறாமல் வரும், கூலியும் கேட்காது. இனி நம் அறிவே நமக்குக் கடிவாளமாக வேண்டும்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் பெரும் பகுதி கடினப் பாறை நிலம். மேலே மட்கிய பாறையிலும், கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்குகிறது. ஆற்றுப்படுகைகளில் இருப்பதுபோன்ற பெரிய நீர்த்தேக்கம் நிலத்தடியில் இல்லை. ஆரணி நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் 1973 முதல் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்துவந்த பார்பரா ஹாரிஸ்-வைட் போன்ற அறிஞர்களும், பம்புசெட்டுகள் பெருகப் பெருகக் கிணறுகள் ஆழமாகிக்கொண்டே போனதை எழுதியுள்ளனர். கிணறுகள் பலவாயினும் அவற்றுக்கு ஊட்டும் பாறை வெடிப்பு பெரும்பாலும் ஒன்றே. நாம் அளவின்றி இறைத்தால் வற்றுவது நம் கிணறு மட்டுமன்று. அடுத்த வீட்டாரின் கிணறும், ஊர்க் குடிநீர்க் கிணறும் சேர்ந்தே வற்றும்.

மானியமும் எச்சரிக்கையும்

விலை முழுவதையும் குடும்பமே ஏற்க வேண்டியதில்லை. 2019-இல் தொடங்கப்பட்ட 'பி.எம். குசும்' திட்டத்தில், தனித்து இயங்கும் சூரியப் பம்புகளுக்கு மத்திய அரசு 30 விழுக்காடு மானியம் வழங்கியது. தமிழ்நாட்டில் மாநில அரசு 40 விழுக்காடு சேர்த்து, 70 விழுக்காடாக அளித்தது. வேளாண்மைப் பொறியியல் துறை இதனைச் செயற்படுத்துகிறது. மானியத்தின் அளவும் விதிகளும் மாறக்கூடியவை. ஆகவே எவருக்கும் முன்பணம் கொடுக்கும்முன், அத்துறையின் அலுவலகத்துக்கு நேரில் சென்று கேட்டறிவதே முறை. மின் இணைப்புக்கு முன்பே விண்ணப்பித்துக் காத்திருப்போர், அந்த விண்ணப்பத்தின் நிலை என்னவாகும் என்பதையும் அங்கேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நிலத்தடி நீர் அளவுமீறி எடுக்கப்பட்ட ஒன்றியங்களுக்கு இத்திட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. அங்கே புதிதாகப் பம்பு வைப்பதற்கு உதவியில்லை. ஏற்கெனவே உள்ள டீசல் பம்பை மாற்றலாம். அதுவும் சொட்டுநீர் போன்ற சிக்கன முறையைக் கைக்கொண்டால் மட்டுமே. இதனைச் சிலர் இடையூறாகக் கருதுகின்றனர். மேலே கண்ட கணக்கைப் பார்த்தவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள்.

தகடுகள் 25 ஆண்டுகள்வரை உழைக்கக்கூடியவை. மோட்டாரும் கண்ட்ரோலரும் அவ்வளவு நாள் வாரா. திட்டத்தின்படி அமைத்துத் தரும் நிறுவனமே 5 ஆண்டுகள் பழுது பார்க்கக் கடமைப்பட்டது. அந்தப் பத்திரத்தைப் பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும். இடிதாங்கி சரியாக மண்ணில் இறக்கப்பட்டுள்ளதா என்றும், நீர் குறைந்தால் மோட்டார் தானே நிற்கும் ஏற்பாடு உள்ளதா என்றும் கையெழுத்திடும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

மீதி வெயிலை என்ன செய்வது? நீர் போதுமான பிறகும் தகடுகள் மின்சாரம் தந்துகொண்டேதான் இருக்கும். அதற்கென அமைந்த கண்ட்ரோலர் இருந்தால், தீவனம் வெட்டும் இயந்திரம், சிறிய மாவு இயந்திரம் முதலியவற்றை ஓட்டலாம். குஜராத் மாநிலத்தில் தூண்டி என்னும் சிற்றூரில் இன்னொரு வழி கண்டனர். அங்கு 2015-இல் ஆறு விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தங்கள் சூரியப் பம்புகளை மின்கம்பியுடன் இணைத்தனர். பயிருக்கு வேண்டிய அளவு இறைத்துக்கொண்டு, எஞ்சிய மின்சாரத்தை மின் நிறுவனத்துக்கு விற்றனர். இதனால் தண்ணீரை மிச்சப்படுத்துவதே அவர்களுக்கு வருமானமாயிற்று. வீணே இறைத்தால் தமக்கே நட்டம் என்பதால், அளவோடு இறைக்கும்படி எவரும் அவர்களுக்கு அறிவுரை கூற வேண்டியிருக்கவில்லை.

மீண்டும் கிணற்றடியில்

நம் நண்பர்கள் இறுதியில் 3 குதிரைத் திறன் பம்பையே வைத்தனர். அதுவும் கிணற்றின் ஊற்றைவிட மிகுதியாக இறைக்க வல்லது என்பதை அறிந்திருந்ததால், நாளுக்கு இத்தனை மணி நேரம் என்று வரையறுத்துக்கொண்டனர். பெரிய மோட்டார் வாங்காததால் மிஞ்சிய தொகையில் ஒரு தொட்டி கட்டி, சொட்டுநீர்க் குழாய்க்கும் ஏற்பாடு செய்தனர். நெல்லை மழைக்காலத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கோடையில் மணிலாவே போதும் என்று முடிவு செய்தனர்.

அண்மையில் மீண்டும் சென்றிருந்தோம். ஆயில் என்ஜின் கோணிப்பைக்குள் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. கிணற்றுச் சுவரில் அடிக்கணக்கு வெள்ளைச் சுண்ணாம்பால் குறிக்கப்பட்டிருந்தது. நாள்தோறும் காலையில் நீர்மட்டத்தைப் பார்த்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது பள்ளி செல்லும் மகளின் வேலை. தம்பி அதை எடுத்துக் காட்டி, "இந்தக் கோடையில் ஒரு நாளும் அடித்தரை தெரியவில்லை ஐயா" என்றார்.

உள்ளே தறியோசை நிற்கவில்லை. அண்ணன் நம்மைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பாவின் நீளத்தைக் கையால் அளந்துகொண்டிருந்தார்.